பறுவத்துக்கு முந்தின ஐந்து நாட்கள்

கலியாணம் முடிந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை, ஊர் என் வயிற்றைப் பார்க்கத் தொடங்கிவிட்டது. மீன் சந்தையில், பஸ் தரிப்பிடத்தில், கோயில் வீதியில், எங்கே நின்றாலும் எதிரே வருகிறவர்களின் கண் முதலில் வயிற்றுக்குப் போய்விட்டுத்தான் முகத்துக்கு வரும். "என்ன பிள்ளை, விசேசம் ஒண்டும் இல்லையோ?" என்று கேட்பார்கள். இல்லை என்றால் ஒரு "ம்" போடுவார்கள். அந்த "ம்" இருக்கிறதே, அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

நான் பருத்தித்துறையில் வாழ்க்கைப்பட்டவள். அவருக்குக் கடற்றொழில். பொழுதுபட முன்னர் படகேறினால் விடியத்தான் கரைக்கு வருவார். மீனை இறக்கிக் கொடுத்து, வலையைப் பார்த்து, குளித்துச் சாப்பிட்டுச் சரிய மத்தியானமாகிவிடும். பகலில் எங்கள் வீட்டில் ஆட்கள் வருவதும் போவதுமாக இருப்பார்கள். பட்டப்பகலில் கதவைச் சாத்திக்கொண்டு புருஷனும் பெண்சாதியும் உள்ளே இருந்தால் அடுத்த நாள் எங்கள் ஒழுங்கையில், அந்தக் குறுந்தெரு முழுக்க, அதுதான் கதையாக இருக்கும். நிலவு காலத்தில் மட்டும் வலை மீனின் கண்ணுக்குத் தெரிந்துவிடும் என்று படகுகள் கரையில் கிடக்கும். முழுநிலவை நாங்கள் பறுவம் என்போம். அந்தப் பறுவத்தை ஒட்டிய சில இரவுகள்தான் அவர் வீட்டில் படுக்கிற இரவுகள். என்னுடைய மூன்று வருடக் கோபம் முழுக்க இந்த ஓர் இடத்தில்தான் முடிச்சுப் போட்டுக் கிடக்கிறது.

அவருடைய தாய், என் மாமி, கெட்டவர் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாமாவைக் கடல் கொண்டுபோன பிறகு ஒற்றைப் பிள்ளையை மீன் காயவைத்து விற்று வளர்த்தவர். எனக்குக் காய்ச்சல் என்றால் நெற்றியில் ஈரத்துணி போட்டபடி விடியவிடிய இருப்பார். ஆனால் பேரப்பிள்ளை என்று வந்தால் அவருக்குக் கண் தெரியாது, காது கேட்காது. ஆறாம் மாதமே என்னைக் கூட்டிக்கொண்டு சாதகக் குறிப்புப் பார்க்கிற சாத்திரியாரிடம் போனார்.

சாத்திரியார் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டதெல்லாம் மாமியிடம்தான். நான் பக்கத்துக் கதிரையில் ஒரு சாமான்பை மாதிரி இருந்தேன். குறிப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"புத்திர பாக்கியம் இருக்கு. ஆனால் தடை நிக்குது. மாதாமாதம் அம்மனுக்கு விரதம் இருக்க வேணும். பிள்ளை எந்த நாளிலை வீட்டுக்குத் தூரம்?"

என் மாதவிடாயைப் பற்றித்தான் கேட்கிறார். கேட்டது மாமியிடம். மாமியும் கொஞ்சமும் யோசிக்காமல் பதில் சொன்னார்.

"அமாவாசையை ஒட்டித்தான் ஐயா. பிசகிறேல்லை."

"அப்ப பறுவத்துக்கு முந்தின அஞ்சு நாளும், பறுவத்தண்டும் பிடியுங்கோ. துடக்கு கிட்டவும் வராது. ஒரு நேரச் சாப்பாடு, மீன் மச்சம் படக்கூடாது. புருஷன் தள்ளிப் படுக்க வேணும். பறுவத்தண்டு கோயிலிலை அர்ச்சனை செய்து விரதத்தை முடியுங்கோ."

அவர் கணக்குப் பார்த்தது இவ்வளவுதான். துடக்கு, அதாவது தீட்டு, இல்லாத நாள் எது, அதிலும் துடக்கிலிருந்து எட்டத்தில் நிற்கிற நாள் எது என்று பார்த்தார். இரண்டு அமாவாசைக்கும் நட்டநடுவில் கொண்டுபோய் விரதத்தை வைத்தார். அந்த நடுவில் என் உடம்புக்குள்ளே என்ன நடக்கிறது என்று அவருக்கும் தெரியாது, மாமிக்கும் தெரியாது. வெட்கக்கேடு, எனக்கும் தெரியாது.

இத்தனைக்கும் நான் சாதாரண தரப் பரீட்சையில் விஞ்ஞானத்துக்கு ஏ எடுத்தவள். தவளையின் வாழ்க்கை வட்டத்தை எங்களுக்கு இரண்டு கிழமை படிப்பித்தார்கள். வால்பேத்தைக்கு எப்போது கால் முளைக்கும், எந்தக் கால் முதலில் முளைக்கும் என்று இன்றைக்கும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். மனிதரில் கருக்கட்டல் என்ற பாடம் வந்ததும் ரீச்சர் புத்தகத்தை மூடிவிட்டார். "இதை வீட்டிலை வாசியுங்கோ. சோதினைக்குப் படத்தைப் பாடமாக்கினால் போதும்" என்றார். வகுப்பு வாங்கில் ஒருத்தியை ஒருத்தி இடித்துச் சிரித்தோம். படத்தைப் பாடமாக்கினோம். சூலகம், பலோப்பியன் குழாய், கருப்பை என்று கோடு கீறி ஒரு பிழையில்லாமல் பெயர் எழுதினேன். அந்தப் படம் என்னுடைய உடம்பு என்று ஒரு நாளும் எனக்கு உறைக்கவில்லை.

விரதம் தொடங்கியது. பறுவம் நெருங்க நெருங்க அவர் கரையில் நிற்பார். நான் உள்ளறையில் வெறும் பாயில், அவர் வெளி விறாந்தையில். நிலவு வெள்ளை வெளேரென்று முற்றத்தில் கொட்டும். அவர் புரண்டு படுக்கிற சத்தம் எனக்குக் கேட்கும். பறுவம் முடிந்து, விரதம் முடிந்து, ஒன்றிரண்டு இரவு அவர் உள்ளே வருவார். பிறகு இருட்டு காலம் தொடங்க, கடலுக்குப் போய்விடுவார். மாமியும் என்னோடு சேர்ந்து பட்டினி கிடந்தார். அதுதான் எனக்கு வாயைக் கட்டிப் போட்டது. அறுபது தாண்டிய மனுசி எனக்காக ஒரு நேரம் சாப்பிட்டுக்கொண்டு, முழங்கால் வலியோடு கோயில் சுற்றும்போது நான் எந்த வாயால் மாட்டேன் என்று சொல்வது?

ஒரு வருடம் போனது. இரண்டாவது வருடமும் போனது. பக்கத்து வீட்டுப் பிள்ளை பெரியபிள்ளையாகிச் சாமத்தியச் சடங்கு நடந்தது. ஆலாத்தி எடுக்க ஆள் போதாமல் என்னையும் கூப்பிட்டார்கள். தட்டை வாங்கிக்கொண்டு இரண்டு அடி வைத்திருப்பேன். ஒரு பெரிய மனுசி வந்து சிரித்துக்கொண்டே தட்டைக் கையிலிருந்து வாங்கி, இரண்டு பிள்ளை பெற்ற இன்னொருத்தியிடம் கொடுத்தாள். "நீ ஏன் பிள்ளை கஷ்டப்படுறாய், இரு" என்றாள். எவ்வளவு கரிசனை! வீடியோக்காரன் அதையும் எடுத்துக்கொண்டிருந்தான். நான் போய்க் கதிரையில் இருந்து ரோல்ஸ் சாப்பிட்டேன். அழுதால் அதற்கும் ஒரு "ம்" போடுவார்கள்.

அப்போது நான் ஒரு ரியூசன் சென்ரரில் சின்னப் பிள்ளைகளுக்குத் தமிழ் படிப்பித்துக்கொண்டிருந்தேன். ஒரு தாய் தன் கைக்குழந்தையை என்னிடம் தந்துவிட்டு, நான் தூக்கினதும் ஏதோ நினைத்துக்கொண்டவள் போலத் திரும்ப வாங்கினாள். அன்றிரவு குழந்தைக்குக் கண்ணூறு கழித்தார்கள் என்று கேள்விப்பட்டேன். சொல்லிக் கோபப்படக்கூட இடமில்லாத அவமானங்கள் இவை. கேட்டால், "சீச்சீ, நாங்கள் அப்பிடி நினைக்கேல்லை" என்று உங்களையே குற்றவாளி ஆக்கிவிடுவார்கள்.

டொக்டரிடம் போகவில்லையா என்று கேட்பீர்கள். போனோம். நானும் மாமியும் போனோம். யாழ்ப்பாணப் பட்டணத்தில் ஒரு தனியார் மருத்துவமனை. டொக்டர் ஐயா என்னைப் பார்த்துக் கேள்வி கேட்பார், மாமி பதில் சொல்வார். மாதம் ஒழுங்காக வருகிறதா? "ஓம், வருகுது." வலி இருக்கிறதா? "அவ்வளவு இல்லை." புருஷன் பெண்சாதி உறவு ஒழுங்காக இருக்கிறதா? மாமி என்னைப் பார்த்தார். டொக்டரும் பார்த்தார். மாமியாரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எந்த மருமகள் அதற்கு விளக்கம் சொல்வாள்? "ஓம்" என்றேன். அவர் எழுதிக்கொண்டார். விரதத்தைப் பற்றி அவரும் கேட்கவில்லை, எங்களுக்கும் சொல்லத் தோன்றவில்லை. சாமி காரியம் சாமி காரியம், வைத்தியம் வைத்தியம் என்று இரண்டையும் வேறுவேறு பெட்டியில் பூட்டி வைத்திருந்தோம்.

எனக்கு எல்லாச் சோதனையும் நடந்தது. இரத்தம் எடுத்தார்கள், ஸ்கான் பார்த்தார்கள், குழாய் அடைத்திருக்கிறதோ என்று மருந்து ஏற்றிப் படம் எடுத்தார்கள். உயிர் போய்த் திரும்பி வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். அவரை ஒரே ஒரு சோதனைக்கு வரச் சொன்னார்கள். அதில் ஊசியும் இல்லை, வலியும் இல்லை. அதற்கு ஒரு வருடம் எடுத்தார்.

"ஆம்பிளைக்கு என்ன சோதினை? நான் என்ன, ஆம்பிளை இல்லையோ?" என்றார்.

கடைசியில் ஒரு நாள், தெரிந்தவர் யாராவது கண்டுவிடுவார்கள் என்று தனியாகப் பஸ் ஏறிப் பட்டணம் போய், தொப்பி போட்டுக்கொண்டு, ஏதோ களவெடுக்கப் போனவர் மாதிரிப் போய் வந்தார். முடிவு நன்றாக இருந்தது. கோடிக்கணக்கில் இருக்கிறதாம், நன்றாக நீந்துகிறதாம். அன்றைக்கு அவர் நடந்த நடையைப் பார்த்திருக்க வேண்டும். மாமி முகத்திலும் ஒரு வெளிச்சம். "என்ரை பிள்ளைக்கு ஒரு குறையும் இல்லையாம்" என்று ஒழுங்கையில் நாலு வீட்டுக்குச் சொன்னார். எனக்கும் ஒரு குறையும் இல்லை என்று அதே டொக்டர் எழுதித் தந்திருந்தார். அதை ஒருவருக்கும் சொல்லவில்லை. கோடிக்கணக்கில் இருந்து என்ன பிரயோசனம், அத்தனையும் விறாந்தையில் பாய் போட்டுப் படுத்திருந்தன என்பது அப்போது எனக்கும் விளங்கவில்லை.

அவரில் குறை இல்லை என்று வந்தபிறகு கதை வேறு பக்கம் திரும்பியது. விதை நல்லது, நிலம்தான் சரியில்லை என்றார்கள். ஒரு நாள் நான் குசினிக்குள் நிற்கிறேன் என்று தெரிந்தும் மாமி மகனிடம் சொன்னார்.

"வாற வைகாசித் திருவிழாவுக்குள்ளை அம்மன் கண் திறக்கேல்லையெண்டால், நான் உனக்கு வேறை வழி பாக்கத்தான் வேணும் தம்பி. அவளைப் பெத்த வீட்டிலை விட்டால் நல்லாய்த்தான் பாப்பினம். நான் கண்ணை மூடமுதல் ஒரு பிள்ளையைக் காண வேணும்."

கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தவர் இன்னும் குனிந்து வலை பொத்தினார். மாமியின் பேச்சைவிட அந்தக் குனிந்த தலைதான் என்னைச் சுட்டது. கரண்டியை அடுப்படியில் வைத்துவிட்டு நின்றேன். திருவிழாவுக்கு இன்னும் அரை வருடம்கூட இல்லை.

அதற்குப் பிறகு ஒரு நாள் மாமிக்கு முழங்கால் வீங்கிவிட்டது. நான் தனியாகப் பட்டணம் போனேன். வழக்கமான டொக்டர் லீவு. ஒரு பெண் டொக்டர் இருந்தார், என் வயதுதான் இருக்கும். என் சோதனை முடிவுகளை முழுக்க வாசித்தார். பேனையை எடுத்தார்.

"ரெண்டு பேருக்கும் ஒரு குறையும் இல்லை. அப்ப நாளைப் பாப்பம். ஒரு மாசத்திலை எந்தெந்த நாள் சேர்ந்து படுக்கிறனீங்கள்? வெக்கப்படாமல் சொல்லுங்கோ."

மூன்று வருடத்தில் முதல் தடவையாக என்னிடம் கேட்கப்பட்ட கேள்வி. சொன்னேன். பறுவம் கழிந்து ஒன்றிரண்டு நாள். இருட்டு காலத்தில் அவர் கடலில்.

"பறுவத்துக்கு முந்தியும் அவர் வீட்டிலைதானே? அப்ப என்ன?"

"அப்ப விரதம் டொக்டர். தள்ளித்தான் படுக்கிறது."

"என்னத்துக்கு விரதம்?"

"பிள்ளை வேணுமெண்டு."

பேனையைக் கீழே வைத்தார். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. கதிரையை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, ஒரு வெற்றுத் தாளில் கீறிக் கீறிச் சொன்னார். பள்ளிக்கூடத்தில் நான் பாடமாக்கிய அதே படம்தான். இந்தமுறை அது அசைந்தது.

பெண்ணின் சூலகத்திலிருந்து மாதத்துக்கு ஒரு முட்டைதான் வெளியே வரும். இரண்டு மாதவிடாய்க்கும் நடுவில் வரும். எனக்கு அமாவாசையில் மாதவிடாய் என்றால், முட்டை வருவது பறுவத்தோடு. வெளியே வந்த முட்டையைக் குழாயின் வாய் உள்ளே எடுத்துக்கொள்ளும். அங்கே அது காத்திருக்கும். எவ்வளவு நேரம்? மிஞ்சினால் ஒரு நாள். அதற்குள் விந்து வந்து சேராவிட்டால் அழிந்துபோகும். ஆனால் விந்து அப்படியில்லை. நல்ல இடம் கிடைத்தால் நாலைந்து நாள்கூடப் பெண்ணின் உடம்புக்குள் உயிரோடு இருக்கும். அந்த நல்ல இடத்தையும் பெண்ணின் உடம்புதான் செய்து கொடுக்கிறது. மற்ற நாட்களில் கருப்பையின் வாசலில் தடித்த சளி அடைத்துக்கொண்டு நிற்கும், ஒன்றும் உள்ளே போகாது. முட்டை வருவதற்கு முந்திய அந்தச் சில நாட்களில் மட்டும் அது முட்டை வெள்ளைக்கரு மாதிரி இளகி வழி விடும். ஆகவே விந்து முன்கூட்டியே போய்க் குழாயில் நிற்க வேண்டும், முட்டை வரும்போது அங்கே இருக்க வேண்டும்.

"முந்தின அஞ்சு நாளும், முட்டை வாற நாளும்," என்றார் டொக்டர். "அதுதான் பிள்ளை தங்கிற நாள். நீங்கள் அந்த நாளை மட்டும் பாத்துத் தள்ளிப் படுத்திருக்கிறியள்."

நாங்கள் சேர்ந்ததெல்லாம் முட்டை அழிந்துபோன பிறகு. செத்தவீட்டுக்குப் போகாமல் எட்டாம் நாள் எட்டுச் செலவுச் சடங்குக்குப் போனவர்கள் மாதிரி, எல்லாம் முடிந்தபிறகு மாதாமாதம் போய் நின்றிருக்கிறோம்.

நான் விடவில்லை. அதற்குப் பிறகு என்ன நடக்கும் என்று கேட்டேன். மூன்று வருடமாக எனக்குள் நடக்காததைப் பற்றி முழுக்கத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று ஒரு வெறி வந்துவிட்டது. அவரும் சலிக்காமல் சொன்னார். கோடிக்கணக்கில் புறப்படுகிறவற்றில் முட்டைக்குக் கிட்டப் போய்ச் சேருவது சொற்பம்தான். போன உடனேயும் அவற்றால் ஒன்றும் செய்ய முடியாது. பெண்ணின் உடம்புக்குள் சில மணி நேரம் இருந்து பதப்பட்ட பிறகுதான் முட்டைக்குள் நுழையும் தகுதி வரும். முட்டையும் சும்மா கிடப்பதில்லை. அதைச் சுற்றியிருக்கிற செல்கள் தங்கள் பாட்டில் சைகை அனுப்பி வழி காட்டுகின்றன. விந்தின் தலையில் இருக்கிற சின்னத் தொப்பி கரைந்து முட்டையின் தோலை இளக்கும். ஒன்று உள்ளே போனதும் முட்டை தன் தோலை இறுக்கிக்கொள்ளும். மற்றவை எல்லாம் வெளியேதான். பிறகு உள்ளே போனதில் பாதி, முட்டையில் பாதி, இரண்டும் சேர்ந்து ஒன்றாகி, இரண்டாகப் பிரிந்து, நாலாகப் பிரிந்து, உருண்டு உருண்டு கருப்பைக்கு வந்து ஒட்டிக்கொள்ளும்.

பாதி! அந்தச் சொல்லில் நான் நின்றுவிட்டேன். விதை அவருடையது, நான் நிலம் என்று எத்தனை பேர் எத்தனை தரம் சொல்லியிருப்பார்கள். நான் நிலம் இல்லை. விதையில் பாதி நான். வாசலைத் திறப்பதும் மூடுவதும் நான், பதப்படுத்துவதும் நான், தெரிந்தெடுத்த பிறகு கதவைச் சாத்துவதும் நான். அந்த ஒரு நாளுக்காக என் உடம்பு மாதாமாதம் இவ்வளவு வேலையையும் ஒழுங்காக, ஒரு பிசகில்லாமல் செய்திருக்கிறது. அதைத்தான் மலடி என்று சொன்னார்கள். ஆலாத்தித் தட்டைப் பறித்தார்கள்.

பருத்தித்துறை பஸ்ஸில் வீட்டுக்கு வரும்போது யாரில் கோபப்படுவது என்றே தெரியவில்லை. சாத்திரியாரிலா? குறிப்பைப் பார்க்கிறவர் குறிப்பைத்தான் பார்ப்பார். புத்தகத்தை மூடிய ரீச்சரிலா? தவளைக்கு இரண்டு கிழமை கொடுத்த பாடத்திட்டத்திலா? மாமிக்கு முன்னால் வைத்து என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டு, நான் சொன்ன ஒற்றை "ஓம்" என்பதை எழுதிக்கொண்ட டொக்டரிலா? எல்லாரிலும் கோபம் வந்தது. அம்மனில் மட்டும் வரவில்லை. பாவம், அவவும் மாதாமாதம் நாங்கள் வந்து கும்பிடுவதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டிருப்பா.

அடுத்த நாள் முற்றத்தில் வலை பொத்திக்கொண்டிருந்தவரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். கவனமாகக் கேட்டார். விளங்கிவிட்டது என்று முகத்தில் தெரிந்தது. பிறகு கேட்டார்.

"உதெல்லாம் சரியப்பா. அம்மாவுக்கு என்னெண்டு சொல்லுறது?"

"சொல்லுறதெண்டால், வாயாலைதான்."

"விரதத்தை விடச் சொன்னால் அம்மா செத்துப்போவா. சாமிக்குத்தம் எண்டு நினைப்பா. நீ கொஞ்சம் பொறு."

"நான் பொறுக்கிறன். முட்டை பொறுக்காது. திருவிழாவும் பொறுக்காது. என்னைக் கொண்டுபோய் அம்மா வீட்டிலை விடுற அண்டைக்கும் நீங்கள் இப்பிடிக் குனிஞ்சு வலை பொத்திக்கொண்டுதான் இருப்பியளோ?"

அவர் அடுத்த கிழிசலைப் பொத்தத் தொடங்கினார். ஆள் நல்லவர். கடலில் எந்தக் காற்றுக்கும் அசையாதவர். தாய்க்கு முன்னால் மட்டும் வாய் திறக்க மாட்டார். இவரை நம்பிப் பிரயோசனம் இல்லை என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

அந்த மாத விரதத்தின் முதல் நாள். எனக்கும் மாமிக்கும் சைவச் சமையல். விரதம் எங்களுக்குத்தான், அவர் தள்ளிப் படுத்தால் போதும் என்பதால், அவருக்குப் பின்பக்கத்து அடுப்பில் மீன் காய்ச்சி வைப்பது வழக்கம். மத்தியானம் அவர் சாப்பிட இருந்தார். பாரைமீன் குழம்பும் ஒரு துண்டுப் பொரியலும். மாமி எதிரே இருந்து அவருக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தார். நான் போய் அவர் பக்கத்தில் நிலத்தில் இருந்தேன். அவருடைய சோற்றுக் கோப்பையில் கையை வைத்து, மீன் துண்டைப் பிய்த்து, வாயில் போட்டு மென்றேன்.

மாமியின் கையில் இருந்த அகப்பை அப்படியே நின்றது.

"என்னடி செய்யிறாய்? இண்டைக்கு விரதம்!"

"மச்சம் சாப்பிட்டாச்சு மாமி. விரதம் முறிஞ்சு போச்சு. இனி இந்த மாசம் பிடிக்க ஏலாது," என்று சொல்லி இன்னொரு துண்டையும் எடுத்தேன்.

முறிந்த விரதத்தை அந்த மாதம் தொடர முடியாது என்பது மாமியே எனக்குச் சொல்லித் தந்த சட்டம். விரதம் இல்லை என்றால் தள்ளிப் படுக்க ஒரு நியாயமும் இல்லை. மாமி கத்தினார், மாரில் அடித்துக்கொண்டார், குடும்பத்தை அழிக்க வந்தவள் என்றார். நான் இருந்த இடத்தில் இருந்து, ஏன் அந்த நாட்களில் தள்ளிப் படுக்கக் கூடாது என்று டொக்டர் சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னேன். முட்டை, குழாய், சளி என்று நான் சொல்லச் சொல்ல மாமி காதைப் பொத்திக்கொண்டார். என் புருஷன் கோப்பையைப் பார்த்தபடி இருந்தார். ஆனால் மெல்ல அதை என் பக்கம் நகர்த்தி வைத்தார். அவ்வளவுதான் அவரால் முடிந்தது. அன்றிரவு விறாந்தையில் பாய் விரிக்கவில்லை.

அடுத்த மாதமும் அப்படியே செய்தேன். அதற்கடுத்த மாதமும். மாமி என்னோடு கதைப்பதை விட்டுவிட்டார். தனியாக விரதம் இருந்தார், எனக்கும் சேர்த்து. அதைப் பார்க்க எனக்கு ஒரு பக்கம் அழுகையாகவும் ஒரு பக்கம் ஆத்திரமாகவும் இருக்கும். கோயில் வீதியில் திருவிழாவுக்குப் பந்தல் கால் நடத் தொடங்கிவிட்டார்கள். கால் நடுகிற சத்தம் வீட்டுக்குக் கேட்கும். நான் கைப்பெட்டியை அலுமாரிக்கு மேலே இருந்து இறக்கித் துடைத்தும் வைத்துவிட்டேன். போகத்தான் வேண்டுமென்றால், ஒருவரும் அனுப்பமுதல் நானாகப் போக வேண்டும் என்று நினைத்தேன்.

நாலாவது மாதம் அமாவாசை வந்தது, போனது. எனக்கு ஒன்றும் வரவில்லை. மருந்துக்கடையில் சோதனைக் குச்சி வாங்கிப் பார்த்தேன். இரண்டு கோடு. குளியலறைக்குள் இருந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். சந்தோஷம்தான். ஆனால் அந்த அழுகைக்குள் மூன்று வருடமும் கிடந்தது.

விசயத்தைச் சொன்னதும் மாமி என்னைக் கட்டிப்பிடித்தார். கன்னம் இரண்டிலும் கொஞ்சினார். பிறகு வெளியே போய் ஒழுங்கைக்குச் சொன்னார்.

"மூண்டு வருஷம் பிடிச்ச விரதம். அம்மன் கைவிடேல்லை!"

நான் மீன் தின்றதை? அம்மன் மன்னித்துவிட்டாவாம். சாத்திரியாருக்குத் தட்டில் வேட்டியும் பழமும் போனது. அந்தப் பெண் டொக்டரின் பேச்சே எடுபடவில்லை. வாயும் வயிறுமாக இருக்கிறவள் கோபப்படக் கூடாது என்று எல்லாரும் எனக்குப் புத்தி சொன்னார்கள்.

மகள் பிறந்து ஆறேழு மாதம் இருக்கும். அடுத்த ஒழுங்கையில் இருந்து ஒரு தாய் தன் மருமகளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். கலியாணம் முடிந்து ஒரு வருடமும் ஆகாத பிள்ளை. அவளுடைய புருஷனும் கடற்றொழில்தான். மாமி இரண்டு பேரையும் கதிரையில் இருத்தி, தேத்தண்ணி கொடுத்து, பெருமையோடு தொடங்கினார்.

"எந்த நாளிலை வீட்டுக்குத் தூரமெண்டு பாத்து, அதுக்கு எட்டத்திலை வைக்க வேணும். இந்தப் பிள்ளைக்கும் அமாவாசையை ஒட்டித்தானே, அப்ப பறுவத்துக்கு முந்தின அஞ்சு நாள். ஒரு நேரச் சாப்பாடு. புருஷன் தள்ளிப் படுக்க வேணும். என்ரை மருமகளைப் பாருங்கோ!"

அந்தப் பெண் என்னையும் என் மடியில் கிடந்த மகளையும் மாறி மாறிப் பார்த்தாள். அந்தப் பார்வையில் இருந்த ஆசை எனக்குத் தெரியும்.

"மாமி, அது பிழை. அந்த நாளிலைதான்…" என்று தொடங்கினேன்.

"பிள்ளை பசியிலை சிணுங்குது. உள்ளை கொண்டுபோய்ப் பாலைக் குடு," என்று மாமி என்னை மறித்தார். நான் மகளோடு உள்ளே போய் வருவதற்குள் அவர்கள் போய்விட்டார்கள்.

அடுத்த பறுவத்துக்கு முதல் நாள், பின்னேரப் பூசைக்கு மாமியோடு கோயிலுக்குப் போனேன். அந்தப் பெண் தூணோரம் நின்றாள். தலை ஈரம், உதடு காய்ந்து வெடித்திருந்தது. என்னைக் கண்டதும், தன் மாமிக்குத் தெரியாமல் மெல்ல என் பக்கம் நகர்ந்து வந்தாள்.

"அக்கா, உங்களுக்கு எத்தினை மாசம் விரதம் பிடிச்சுப் பலன் கிடைச்சது?"

பூசை மணி அடித்துக்கொண்டிருந்தது. மணிக்கு மேலாகக் கேட்க வேண்டும் என்றுதான் அவ்வளவு சத்தமாகச் சொன்னேன். முன்வரிசையில் இரண்டு மாமிமாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"பிடிச்சு இல்லைத் தங்கச்சி, விட்டு! விட்டு நாலாம் மாசம். இண்டைக்கு இரவு புருஷனை உள்ளை கூப்பிடு."